ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் எந்த வட்டாரம், எந்தப் பள்ளி? (மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து)

11 ஆகஸ்ட் 2024

இந்த மன்றத்தில் கூலிம் ஊர் அண்ணன் எழுதியிருப்பது இது: “பெர்த்துக்குக் குடிபோகிறவர்கள் ரோஸ்மோய்ன், வில்லெட்டன் உயர்நிலைப்பள்ளி எல்லைக்குள் வீடு எடுங்கள். பிள்ளைகளின் படிப்புக்காகத்தானே போகிறீர்கள்? அங்கே இடம் பிடிக்க முடியாதென்றால் மலேசியாவிலேயே இருந்துவிடலாம்.”

இதற்குப் பதில் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. என் மகளுக்கு ஆறு வயது. மகனுக்கு அடுத்த மாதம்தான் நான்கு முடிகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் உயர்நிலைப்பள்ளி ஏழாம் ஆண்டில் தொடங்குகிறது. முன்பல் இப்போதுதான் ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு உயர்நிலைப்பள்ளியைப் பார்த்தா வீடு எடுப்பது? அங்கே அரசுப் பள்ளியில் இடம் வீட்டு முகவரியைப் பொறுத்தது, அந்த இரண்டு பள்ளிகளுக்கும் நல்ல பெயர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரின் விலையை அங்கே வீடு வைத்திருப்பவர்கள் வாடகையில் ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து நடக்கப்போகும் விருந்துக்கு இப்போதிருந்தே மொய் எழுத எனக்கு வசதியில்லை.

எங்கள் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கனரக வாகன மெக்கானிக். மாநில நியமனத்தில் 190 விசா கிடைத்திருக்கிறது, நிரந்தர விசா. நான் செம்பனை எண்ணெய் ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அவர் அக்டோபரில் முன்னால் போகிறார், நானும் பிள்ளைகளும் ஜனவரியில். மகள் இங்கே வரும் பிப்ரவரியில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு போக வேண்டியவள். அங்கேயும் முதலாம் ஆண்டிலேயே சேர்ந்துவிடுவாள், அதில் குழப்பம் இல்லை.

12 ஆகஸ்ட் 2024

குழப்பம் இருக்கிறது. பெர்த்தில் இருக்கும் தம்பி ஒருவர் சுட்டிக்காட்டிவிட்டார். நேற்று எழுதிய கடைசி வரியை யாரும் நம்ப வேண்டாம். கணக்குப் போட்டுவிட்டு வருகிறேன்.

18 ஆகஸ்ட் 2024

கணக்கு எழுதியே சம்பளம் வாங்குகிறவளுக்கு இந்தக் கணக்கு மூன்று நாள் பிடித்தது.

இங்கே ஏழு வயது முடிகிற வருடத்தில் முதலாம் ஆண்டு. ஜனவரியில் பிறந்தாலும் டிசம்பரில் பிறந்தாலும் ஒன்றுதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் கோடு ஜூன் 30. அந்தத் தேதிக்குள் நான்கு முடிந்தால் கிண்டர்கார்டன், ஐந்து முடிந்தால் பிரீ-பிரைமரி, ஆறு முடிந்தால் முதலாம் ஆண்டு. கட்டாயக் கல்வி பிரீ-பிரைமரியிலிருந்து தொடங்குகிறது. கிண்டர்கார்டன் கட்டாயமில்லை.

என் மகள் 2018 ஏப்ரலில் பிறந்தவள். அந்தக் கோட்டின்படி 2023ல் பிரீ-பிரைமரி, 2024ல் முதலாம் ஆண்டு, 2025ல் இரண்டாம் ஆண்டு! ஆகஸ்டில் பிறந்திருந்தால் 2025ல் முதலாம் ஆண்டு. நான்கு மாதம் முந்திப் பிறந்த குற்றத்துக்கு ஒரு வகுப்பைத் தாண்டிக் குதிக்கப்போகிறாள். இங்கே பாலர் பள்ளியில் “அம்மா, ஆடு, இலை” எழுதிக்கொண்டிருக்கிறவள், அங்கே இரண்டு வருடமாக ஆங்கிலம் வாசிக்கப் பழகிய பிள்ளைகளோடு போய் உட்காரவேண்டும். மூன்றாம் ஆண்டில் நாப்லான் என்ற தேசியத் தேர்வு இருக்கிறது. இப்போது அது மார்ச் மாதத்தில் நடக்கிறது. அதாவது போய்ச் சேர்ந்த பதினான்காவது மாதத்தில் தேர்வு.

இதில் எனக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தபோது என் மலாய் மொழி மதிப்பெண் போதவில்லை. படிவம் ஒன்றுக்கு (இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்புக்கு) நேரே போகாமல் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தேன். கூடப் படித்தவர்கள் முன்னே போய்விட்டார்கள். பள்ளிப் பேருந்தில் ஏறவே கூசியது. எனக்கு ஒரு வருடம் கூடியது, என் மகளுக்கு ஒரு வருடம் குறைகிறது. மொழியால் எனக்கு, தேதியால் அவளுக்கு.

19 ஆகஸ்ட் 2024

“ஒரு வகுப்பு கீழே போடச் சொல்லிக் கேளுங்கள்” என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். “கேட்கவே கேட்காதீர்கள், பிள்ளை வளர்ந்துவிடும்” என்று ஐந்து பேர். வாக்கெடுப்பு முடிந்தது, நன்றி.

1 செப்டம்பர் 2024

இரண்டு வாரமாக “மை ஸ்கூல்” இணையத்தளத்தில்தான் குடியிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் எல்லாப் பள்ளிகளும் அதில் இருக்கின்றன, 2010லிருந்து. முதலில் எனக்கு அது பெரிய புதையலாகத் தெரிந்தது. பள்ளிப் பெயரைத் தட்டினால் நாப்லான் எண்கள், மாணவர் எண்ணிக்கை, வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசும் பிள்ளைகளின் விழுக்காடு, எல்லாம் வந்துவிடுகின்றன. அதோடு ஐ.சி.எஸ்.இ.ஏ. என்று ஒரு குறியீடு. சராசரி 1000. உடனே பழக்கதோஷத்தில் எக்செல் திறந்து, பதினேழு பள்ளிகளைக் குறியீட்டின்படி மேலிருந்து கீழாக அடுக்கி, வீட்டுக்காரரிடம் காட்டினேன். “1000க்குக் கீழே இருப்பதையெல்லாம் அழித்துவிடலாம்” என்றேன்.

பிறகுதான் அந்தக் குறியீடு எதை அளக்கிறது என்று படித்தேன். (முதலில் படித்திருக்க வேண்டும். அலுவலகத்தில் இப்படிச் செய்தால் தணிக்கையாளர் என்னை உரித்துவிடுவார்.) அது பள்ளி எவ்வளவு நன்றாகக் கற்பிக்கிறது என்பதை அளப்பதில்லை. பெற்றோரின் படிப்பு, பெற்றோரின் வேலை, பள்ளி இருக்கும் இடம், பூர்வகுடி மாணவர்களின் விகிதம், இவற்றை வைத்துப் போடும் எண் அது. பள்ளியில் சேர்க்கும்போது கொடுக்கும் படிவத்தில் அப்பா என்ன படித்தார், அம்மா என்ன வேலை என்று கேட்கிறார்களே, அதிலிருந்து வருவது. என் அம்மா பால்மரம் (ரப்பர்) சீவியவர், நான் படிவம் ஐந்தோடு நின்றவள், வீட்டுக்காரர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர். நாங்கள் ஒரு பள்ளியில் சேர்ந்தால் அதன் குறியீடு இறங்கும் பக்கம்தான் நகரும். எங்களைப் போன்றவர்கள் இருக்கும் பள்ளிகளை நானே பட்டியலிலிருந்து அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாப்லானை இப்போது நான்கு படிநிலைகளாகச் சொல்கிறார்கள், 2023லிருந்து. அதைப் பார்க்கலாம், ஆனால் ஒத்த குறியீடு கொண்ட பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அந்த வசதி அந்தத் தளத்திலேயே இருக்கிறது. அப்படிப் பார்த்தபோது என் பட்டியலில் மேலே இருந்த இரண்டு பள்ளிகள் சாதாரணமாகிவிட்டன, கீழே கிடந்த ஒன்று நிமிர்ந்துவிட்டது. அதன் பெயரைக் கேட்காதீர்கள், நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

7 செப்டம்பர் 2024

வாடகை பற்றிக் கேட்ட பந்திங் அக்காவுக்கு. அங்கே வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்கிறார்கள். நாங்கள் பார்க்கும் மூன்று அறை வீடுகள் வாரம் 650 டாலருக்கு மேலும் கீழுமாக இருக்கின்றன. நான் நான்கால் பெருக்கி மாதம் 2,600 என்று வரவுசெலவில் எழுதியிருந்தேன். தவறு. வருடத்துக்கு 52 வாரம், பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,816 டாலர் சொச்சம். மாதம் இருநூறு டாலருக்கு மேல் துண்டு விழுகிறது. மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மாற்றிப் பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே சம்பளமும் டாலரில்தான் வரும் என்று அம்மா எனக்குப் புத்தி சொன்னார். நான்கு வார வாடகை அளவுக்குப் பிணைப்பணம் தனி.

அரசுப் பள்ளி நிரந்தர விசாக்காரர்களுக்கு இலவசம். தொடக்கப்பள்ளியில் விருப்ப நன்கொடை என்று வருடத்துக்கு 60 டாலர் வரை கேட்கலாம், அதற்கு மேல் கூடாது. தற்காலிக விசாவில் போகிறவர்கள் மாநிலத்துக்கு மாநிலம் விசாரித்துக்கொள்ளுங்கள், இதே விதி உங்களுக்குப் பொருந்தாது.

22 செப்டம்பர் 2024

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளின் முதலாம் ஆண்டுப் பதிவை ரத்து செய்யப் போனேன். நான் படித்த அதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. 150 பேருக்குக் கீழே இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்பார்கள். இது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டைத் திறந்து, ரூலரை வைத்து, பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். “நல்லபடியாகப் போய் வாருங்கள், அம்மா” என்றார். அந்த ரூலர்தான் கண்ணிலேயே நிற்கிறது.

1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில், ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று இருந்தது. பத்துத் தலை இருந்தால் ஒரு பள்ளி. அந்தக் காலத்தில் பள்ளியைத் தேடி யாரும் வீடு மாறவில்லை. தோட்டம் எங்கே கொண்டுபோய் வைத்ததோ அங்கே லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), அங்கே பள்ளி. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் வீடும் பள்ளியும் ஒரே நாளில் போயின. எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். அம்மாவிடம் இன்னும் அந்தப் பங்குப் புத்தகம் இருக்கிறது.

“மற்றவர்கள் தமிழ்ப்பள்ளியை விட்டுச் சீனப்பள்ளிக்கு அனுப்புகிறார்கள், நீ நேரே ஆஸ்திரேலியாவுக்கே அனுப்புகிறாய்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி.

13 அக்டோபர் 2024

வீட்டுக்காரர் பெர்த்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். கோலாலம்பூரிலிருந்து ஐந்தரை மணி நேரம். நேரம் மாறவே இல்லை. பெர்த்தும் நாமும் ஒரே கடிகாரம். அம்மாவுக்கு இதை நம்பவே முடியவில்லை. “வெளிநாடு என்றால் அங்கே இரவாக இருக்க வேண்டாமா?” என்று சந்தேகமாகக் கேட்டார்.

முதல் வாரமே தோர்ன்லியில் ஒரு வீடு பார்த்தார். ரயில் நிலையத்துக்கு நடை தூரம், தொடக்கப்பள்ளி அறுநூறு மீட்டர், கேனிங் வேல் கோயில் அடுத்த வட்டாரம். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், ஆனால் பழக்கம் எல்லாம் கப்சாயில்தான் (சின்ன மோட்டார்சைக்கிள்). அதனால் ரயில் என்றதும் துள்ளிவிட்டேன். மறுநாள் நிலையத்தைப் பார்க்கப் போனவர் படம் அனுப்பினார். வேலி! காக்பர்ன் வரை பாதையை இணைக்கும் வேலைக்காக 2023 நவம்பரிலிருந்து ரயிலை நிறுத்தி வைத்திருந்தார்களாம். அப்போது ஓடியது மாற்றுப் பேருந்துதான். வரைபடத்தில் நிலையம் இருந்தது, நிலையத்தில் ரயில் இல்லை.

ஹாரிஸ்டேல், பியாரா வாட்டர்ஸ் பக்கமும் போய் வந்தார். புது வீடுகள், அகலமான சாலை, நம்மவர்கள் நிறைய. பள்ளி வளாகத்தில் தற்காலிக வகுப்பறைகள் வரிசையாக நிற்பதைப் படம் எடுத்திருந்தார். பிள்ளைகள் பெருகிவிட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் தோட்டத்துப் பள்ளி நினைவு வந்து சிரித்தேன். அங்கே அறை போதவில்லை, இங்கே ஆள் போதவில்லை.

3 நவம்பர் 2024

தீபாவளிக்கு அவர் இல்லை. முறுக்கு சுடும்போது அம்மா கேட்ட ஒரு கேள்வியால் என் எக்செல் முழுக்கக் கலைந்தது.

அவருக்கு வேலை உறுதியாகிவிட்டது. சுரங்கத்துக்கு விமானத்தில் போய் இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். சம்பளம் நன்றாக இருக்கிறது. நான் குறியீடு, நாப்லான், வாடகை, கோயில், மளிகைக்கடை என்று ஒவ்வொன்றாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா அச்சைப் பிழிந்துகொண்டே, “பள்ளி எத்தனை மணிக்கு விடும்?” என்றார். மூன்று மணிக்கு என்றேன். “மூன்று மணிக்கு வாசலில் யார் நிற்பது?”

நான்தான், வேறு யார்? அவர் மூன்றில் இரண்டு வாரம் வீட்டில் இல்லை. இங்கே வேன்கார அண்ணன் வந்து ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கி, “பாப்பா இன்று சாப்பிடவில்லை” என்றுகூடச் சொல்லிவிட்டுப் போவார். அங்கே அப்படி ஒரு வேன் கிடையாது. பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பு உண்டு, மாலை ஆறு வரை, பணம் கட்டி. எனக்கு வேலை கிடைத்த பிறகு அதைப் பார்க்கலாம். முதல் ஆறு மாதம் நான், இரண்டு பிள்ளைகள், ஒரு வாசல். மகன் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளிலும் மூன்று மணி வரும். கார் கிளம்பாத நாளிலும் வரும்.

அம்மாவின் காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போக வேண்டும். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில், பெரிய பிள்ளை பள்ளியில். பள்ளி மணி லயம் வரை கேட்கும். பால் எடைபோட்டுவிட்டுத் திரும்பும்போது நான் பள்ளியிலிருந்து நடந்து வந்துகொண்டிருப்பேன். ஆயாக்கொட்டகையில் ஈ மொய்த்தது, ஒரு ஆயாவுக்கு இருபது குழந்தை, அதை நான் புகழவில்லை. ஆனால் எல்லாம் நடை தூரத்தில் இருந்தது. அம்மா தரவரிசை பார்க்கவில்லை. தூரத்தைப் பார்த்தார்.

ஆகவே எக்செல்லில் முதல் நெடுவரிசையை மாற்றிவிட்டேன். இப்போது அது “வாசலிலிருந்து வாசலுக்கு நடந்தால் எத்தனை நிமிடம், வெயிலில், ஒரு நான்கு வயதுப் பிள்ளையோடு”. பதினேழில் நான்கு பள்ளிகள்தான் மிஞ்சின.

4 நவம்பர் 2024

கூலிம் அண்ணன்: “அப்படியானால் படிப்பு முக்கியமில்லையா?”

அண்ணா, முக்கியம்தான். அதற்கு முதலில் பிள்ளை வீடு வந்து சேர வேண்டும்.

24 நவம்பர் 2024

வீடு கிடைத்தது. அதே தோர்ன்லி, ஆனால் வேறு தெரு. பள்ளி எட்டு நிமிட நடை. ஆறு வீடுகளுக்கு விண்ணப்பித்தோம். அங்கே வாடகைக்கு இருந்த வரலாறு இல்லையென்று ஒரு முகவர் பதில்கூடப் போடவில்லை. ஏழாவதில் இங்கே எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டு உரிமையாளரிடமும் என் ஆலை மேலாளரிடமும் கடிதம் வாங்கி இணைத்தேன். கிடைத்துவிட்டது. கடிதத்தாலா, விண்ணப்பித்த ஆள் குறைவா, யாருக்குத் தெரியும்.

வாடகை ஒப்பந்தம் கையில் வந்த பிறகுதான் பள்ளி வாய் திறந்தது. உங்கள் முகவரி எந்த அரசுப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதோ அந்தப் பள்ளி உங்கள் பிள்ளைக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் முகவரிக்குச் சான்று வேண்டும். மகளுக்கு இரண்டாம் ஆண்டில் இடம் உறுதி. கீழ் வகுப்பு கேட்டேன். வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, ஆங்கிலத்துக்குத் துணை கொடுத்துப் பார்ப்போம் என்று மரியாதையாக மறுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் வாக்களித்த ஐந்து பேருக்கு வெற்றி.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். “எல்லைக்குள் இருந்தால் இடம் உறுதி” என்பது பிரீ-பிரைமரியிலிருந்துதான். கிண்டர்கார்டனுக்கு உறுதி இல்லை. அடுத்த வருடத்துக்கான விண்ணப்பங்களை ஜூலையிலேயே வாங்கிவிட்டார்களாம். மகன் காத்திருப்புப் பட்டியலில்.

15 டிசம்பர் 2024

கிண்டர்கார்டனில் சேர்க்க தடுப்பூசிப் பதிவு கட்டாயம். அங்கே தேசியப் பதிவேட்டில் ஏற்றியிருக்க வேண்டும். நம் கிளினிக் புத்தகத்தை அங்குள்ள மருத்துவரிடம் காட்டினால் ஏற்றுவார். எல்லாம் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். அம்மைக்கட்டு-தட்டம்மை ஊசி இங்கே ஒன்பதாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும். அங்கே பன்னிரண்டிலும் பதினெட்டிலும். சின்னம்மை ஊசி இங்கே அரசாங்க அட்டவணையில் இல்லை, அங்கே இருக்கிறது. விட்டுப்போனதை ஈடுகட்டும் அட்டவணையில் சேர்ந்துவிட்டால் போதும் என்கிறார்கள். புத்தகத்தை பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள்.

19 ஜனவரி 2025

பொங்கல் முடிந்து பெட்டி கட்டுகிறேன். மகளின் தமிழ்ப் பாடநூல் இரண்டை வைத்திருக்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் தமிழுக்கு அரசுப் பாடத்திட்டமே இருக்கிறது என்று படித்தேன். பாடத்திட்டம் இருப்பது வேறு, எட்டு நிமிட நடையில் இருக்கும் பள்ளி அதை நடத்துவது வேறு. நடத்தவில்லை. வார இறுதி வகுப்புதான்.

இதையும் எக்செல்லின் முதல் நெடுவரிசையில் சேர்த்திருக்க வேண்டுமோ என்று இரவெல்லாம் யோசித்தேன். சேர்த்திருந்தால் நான்கு பள்ளிகளும் போயிருக்கும்.

12 பிப்ரவரி 2025, தோர்ன்லி

பள்ளி 5ஆம் தேதி திறந்தது. தொப்பி இல்லாவிட்டால் விளையாட விடமாட்டார்கள். முதல் நாளே மகள் நிழலில் உட்கார்ந்திருந்தாள், என் தவறு. கடலைப்பருப்புச் சட்னி வேண்டாம், வகுப்பில் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறது என்று குறிப்பு வந்தது. நிலக்கடலையைத்தான் சொல்கிறார்கள், கடலைப்பருப்பை இல்லை என்று ஆசிரியைக்குப் புரியவைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

வாசிப்புப் புத்தகம் கொடுத்தனுப்புகிறார்கள். மகளுடையது பிரீ-பிரைமரிப் பிள்ளைகள் வாசிக்கும் மெல்லிய புத்தகம். மற்றவர்களுடையது தடிமனாக இருப்பதை அவளே கவனித்துவிட்டாள். நேற்று மூன்றை ஒன்றாகக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள், தடிமன் சமமாகிவிட்டதாம்.

நேற்றுத் தைப்பூசம். பேராவில் விடுமுறை. இங்கே வழக்கம்போல மூன்று மணிக்கு வாசலில் நின்றேன். அம்மா ஈப்போ கல்லுமலைக் கோயிலிலிருந்து காணொளியில் அழைத்து, “மணி மூன்று, போய்விட்டாயா?” என்றார்.

மகனுக்கு கிண்டர்கார்டன் இடம் வந்துவிட்டது. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம், ஒரு வாரம் இரண்டு நாள், மறு வாரம் மூன்று நாள். ஆனால் வேறு பள்ளி. இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அங்கேயும் மூன்று மணிக்குத்தான் விடுகிறார்கள்.

பந்திங் அக்கா, உங்கள் தங்கை பெர்த்தில் பின்னால் பிள்ளை உட்காரும் சைக்கிள் ஒன்றை விற்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். இன்னும் இருக்கிறதா? தலைக்கவசம் இரண்டும் சேர்த்து என்ன விலை என்று கேட்டுச் சொல்லுங்கள்.